இசை உள்ளே வரும் இடம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. இங்கேயும் நலமே. மாலை நேரம் இப்போது உன் கையில் இருக்கிறது, அதில் பாதியைப் படங்களின் பின்னணி இசைக்கு ஒதுக்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அது எனக்குக் கூடுதல் சந்தோஷம். ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே: "ஒரு படத்தின் பின்னணி இசைத் தொகுப்பை இரண்டு தடவை கேட்டுவிட்டேன், மனசில் எதுவுமே நிற்கவில்லை. எதை வைத்து ஒரு பி.ஜி.எம்.மை நல்லது என்கிறார்கள்?" அந்த வரிக்குப் பதில் சொல்லவே இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

கேள்வி சரி, தேடிய இடம்தான் தப்பு. பாட்டுக்குப் பழகிய காது எடுத்த எடுப்பிலேயே ட்யூனைத் தேடும். பின்னணி இசையில் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த நொடியில் உள்ளே வருகிறது, எந்த நொடியில் வெளியே போகிறது என்பதைத்தான். ராகம், வாத்தியம், மெட்டு எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு இசையமைப்பாளர் காட்சியை எப்படிப் படித்திருக்கிறார் என்பது அந்த இரண்டு நொடிகளில் தெரிந்துவிடும். படத்தொகுப்பு முடிந்ததும் இயக்குநரும் இசையமைப்பாளரும் சேர்ந்து உட்கார்ந்து, எங்கே இசை வேண்டும், எங்கே வேண்டாம் என்று குறிப்பார்கள். ஸ்பாட்டிங் என்று அதற்குப் பெயர். ஒரு ஸ்வரம்கூட எழுதாத நிலையில் நடக்கும் அந்த வேலையில்தான் பாதி வெற்றியும் பாதித் தோல்வியும் முடிவாகின்றன என்பது என் கருத்து.

1975இல் வந்த 'ஜாஸ்' என்ற சுறாப் படத்தை எடுத்துக்கொள். ஜான் வில்லியம்ஸ் சுறாவுக்குக் கொடுத்தது அடிப்படையில் இரண்டே ஸ்வரம். நம் கணக்கில் சொன்னால் ஷட்ஜமும் சுத்த ரிஷபமும், அரை ஸ்வர இடைவெளி, அதுவும் அடிமட்டத்தில். எல்லோரும் அந்த இரண்டு ஸ்வரத்தைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது வேறு. இரண்டு சிறுவர்கள் அட்டையில் சுறாவின் முதுகுத் துடுப்பு செய்து கடற்கரையை மிரட்டும் இடத்தில் அந்த இசை வரவே வராது. கூட்டம் அலறுகிறது, திரையில் துடுப்பு தெரிகிறது, இசை மட்டும் இல்லை. அதுவரைக்கும் இசை வந்தால் சுறா உண்மையாகவே இருக்கிறது என்று நம் காது ஒரு விதியைக் கற்றுவைத்திருக்கிறது. பிற்பாடு அந்த விதியையே மீறி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் படகின் பக்கத்தில் சுறா தலையைத் தூக்கும்போதுதான் தூக்கிவாரிப் போடுகிறது. இசை பேசிய இடத்தால் அல்ல, பேசாத இடத்தால் நடந்த காரியம் இது. தனித் தொகுப்பைக் கேட்டால் இது எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சேர்த்துக்கொள். 1968இல் செர்ஜியோ லியோனே எடுத்த 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' படத்துக்கு என்னியோ மோரிகோனே படப்பிடிப்புக்கு முன்பே முக்கியமான இசையை எழுதிக் கொடுத்துவிட்டார். படப்பிடிப்புத் தளத்தில் அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை நடிக்க வைத்தார்கள். அவ்வளவு இசை கையில் இருந்தும், தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் ஆட்கள் காத்திருக்கும் நீண்ட காட்சியில் இசையே கிடையாது. காற்றாலையின் கிரீச்சல், சொட்டும் தண்ணீர், ஒரு ஈ, அவ்வளவுதான். பிறகு ஹார்மோனிகா உள்ளே வரும்போது அது ஒரு ஆள் வந்து நிற்பதுபோல இருக்கிறது. ஏற்கெனவே வயலின் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஹார்மோனிகா வந்ததே தெரிந்திருக்காது.

சரி, இதை நீ எப்படிப் பழகுவது? ஒரு தாள் போடு. 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு ரீல் ஆயிரம் அடி, நொடிக்கு 24 ஃப்ரேம் ஓட்டத்தில் ஏறக்குறைய 11 நிமிடம். ரீ-ரெக்கார்டிங், அதாவது பின்னணி இசைப் பதிவு, ரீல் ரீலாகவே நடந்த வழக்கம் உண்டு என்பதால் நீயும் 11 நிமிடத்தை ஓர் அளவாக வைத்துக்கொள். படத்தின் முதல் ரீலை எடுக்காதே. டைட்டில் இசையும் அறிமுகங்களும் அங்கே இடத்தை அடைத்துக்கொள்ளும். 40ஆவது நிமிடத்திலிருந்து 11 நிமிடம் எடு. கதை சூடுபிடித்து, இசையமைப்பாளர் தன் விதிகளை ஓரளவு நிலைநாட்டியிருக்கும் இடம் அது.

முதல் தடவை நிறுத்தாமல் பார். இரண்டாம் தடவை ஒலியை முழுக்க அணைத்துவிட்டுப் பார்த்து, நீ இசையமைப்பாளராக இருந்தால் எங்கே ஆரம்பிப்பாய், எங்கே நிறுத்துவாய் என்று நேரத்தைக் குறி. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, உண்மையில் எங்கே ஆரம்பித்திருக்கிறார் என்று பக்கத்தில் எழுது. இந்த வரிசையை மாற்றாதே. ஒலியோடு இரண்டு தடவை பார்த்துவிட்டால் அவருடைய முடிவே இயல்பானதாகத் தோன்றிவிடும், உன் ஊகம் கலப்படமாகிவிடும். தாளில் ஐந்து நெடுக்குப் பத்தி போதும்: உள்ளே வந்த நேரம், அந்த நொடியில் திரையில் என்ன நடந்தது, எந்த வாத்தியம் முதலில் கேட்டது, வெளியே போன நேரம், எப்படிப் போனது. இரண்டாவது பத்திதான் உயிர். "சோகக் காட்சி" என்று எழுதினால் பயனில்லை. "அவள் கடிதத்தை மடித்த பிறகு" என்று எழுதவேண்டும்.

இப்படி நாலைந்து தாள் எழுதினால் வகைகள் தானாகக் கண்ணில் படும். ஷாட் மாறும் வெட்டிலேயே இசை தொடங்குவது எளிது, ஆனால் வெட்டையும் இசையையும் சேர்த்து ஒரே அடியாகக் கொடுப்பதால் பார்ப்பவருக்கு வேலை நடப்பது தெரிந்துவிடும். வசனத்தின் கடைசிச் சொல் முடிந்ததும் உடனே தொடங்கினால் நாடகத்தனம். ஒரு மூச்சு விட்டு, கேட்டவர் முகத்தில் மாற்றம் வந்த பிறகு தொடங்கினால் இசை கேட்டவருடைய மனசுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். கதவு சாத்தும் சத்தம், ரயில் கடக்கும் சத்தம் இவற்றுக்கு அடியில் நுழைந்தால் எப்போது வந்தது என்றே தெரியாது. நீ மூன்றாம் தடவை கேட்டும் நேரத்தைச் சரியாகக் குறிக்க முடியாமல் திணறினால், அந்த இடத்தில் கைதேர்ந்த ஒருவர் வேலை செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்.

வெளியேறுவதை ரொம்பப் பேர் கவனிப்பதே இல்லை. வசனம், சத்தம், இசை எல்லாவற்றையும் கலக்கும் மிக்ஸிங்கில் ஒலியைக் குறைத்துக் கரைப்பது ஒரு வழி. அது பெரும்பாலும் முடிவு எழுதப்படாத இசை. நன்றாக எழுதியவர் வாத்தியங்களைக் குறைத்துக்கொண்டே வருவார்: முதலில் டபுள் பாஸ் நிற்கும், அப்புறம் செல்லோ, அப்புறம் வயோலா, கடைசியில் ஒற்றை வயலின் ஒரு ஸ்வரத்தில் நின்று, அதுவும் போய்விடும். ஒலி அளவு குறையவில்லை, ஆட்கள் எழுந்து போகிறார்கள். அந்த வித்தியாசம் காதுக்குப் பிடிபட்டுவிட்டால் அப்புறம் விடாது.

இப்போது நொடிக்கணக்குக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், நீ கணக்கில் ஆர்வமுள்ளவன். நொடிக்கு 24 ஃப்ரேம், நிமிடத்துக்கு 1440. ஒரு அடிக்கு (தாளத்தின் அடி, ஃபிலிமின் நீள அடி இல்லை) எத்தனை ஃப்ரேம் என்று தெரிய 1440ஐ நிமிடத்துக்கான அடிகளால் வகுத்தால் போதும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் அடிக்கு 12 ஃப்ரேம், 90இல் 16, 80இல் 18. தாளம் தவறாமலிருக்க வாத்தியக்காரர்களின் காதில் ஓடும் க்ளிக் ஒலியை அந்தக் காலத்தில் ஃப்ரேம் எண்ணாலேயே குறித்தார்கள். 12 ஃப்ரேம் க்ளிக் என்றால் 120.

ஒரு காட்சியைக் கற்பனை செய். இசை தொடங்கி 7.5ஆவது நொடியில் கதவு திறக்கிறது, 13ஆவது நொடியில் உள்ளே இருப்பவரின் முகம் தெரிகிறது. இரண்டையும் இசை தொடவேண்டும். வேகம் 96 என்று வைத்தால் ஒரு அடி 0.625 நொடி, அதாவது 15 ஃப்ரேம். 7.5 நொடிக்குச் சரியாக 12 அடி முடிகிறது. நாலு நாலாக மூன்று ஆவர்த்தனம், அதாவது தாளச் சுற்று, முடிந்து நான்காவதின் முதல் அடியில் கதவு திறக்கும். கச்சிதம். முகத்துக்கு வா. 21 அடி முடியும் நேரம் 13.125 நொடி. முகம் தெரிந்து 3 ஃப்ரேம் கழித்து 22ஆவது அடி விழும். அது மட்டுமில்லை, நாலு நாலாகவே போனால் 22ஆவது அடி ஆறாவது ஆவர்த்தனத்தின் இரண்டாம் அடி, அழுத்தமே இல்லாத இடம். வேகத்தை 97 ஆக்கினால் முகம் சரியாக வந்துவிடும், ஆனால் கதவுக்கு இசை ஏறக்குறைய 2 ஃப்ரேம் முந்திவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பாய்? 96ஐத்தான். 2, 3 ஃப்ரேம் பிந்துவதைக் காது மன்னித்துவிடும், முந்துவதை மன்னிக்காது. இயற்கையிலேயே முதலில் கண்ணுக்குத் தெரிந்து, பிறகுதான் சத்தம் காதுக்கு வருகிறது. இசை முந்திக்கொண்டால் நடக்கப்போவதைக் காட்டிக்கொடுத்ததுபோல ஆகிவிடும். அடுத்து அந்த அழுத்தமில்லாத இரண்டாம் அடிக்கு வழி: நான்காவது ஆவர்த்தனத்தை மட்டும் ஐந்து அடியாக எழுது, ஐந்தாவது வழக்கம்போல நாலு. 12, 5, 4 என்று 21 முடிந்து, 22ஆவது அடி ஒரு புது ஆவர்த்தனத்தின் முதல் அடியாகக் கம்பீரமாக வந்து நிற்கும். நடுவில் ஒரு அடி கூடியதைக் கேட்பவர் உணரமாட்டார். கதவு திறந்த பிறகு யாரோ ஒரு கணம் தயங்கியதுபோல மட்டும் தோன்றும். கணக்குக்காகச் சேர்த்த அடி உணர்ச்சியாக மாறிவிடுகிறது. சினிமா இசையில் தாளம் ஏன் சில இடங்களில் திடீரென்று ஐந்தாகவோ ஏழாகவோ ஆகிறது என்று யோசித்திருப்பாய். எத்தனையோ தடவை காரணம் இதுதான்.

எல்லாவற்றையும் இப்படித் தொட்டுக்கொண்டே போனாலும் கெட்டது. ஒருவர் படி இறங்கினால் தந்தியை விரலால் சுண்டும் பிட்ஸிகாட்டோ, விழுந்தால் சிம்பல் என்று போனால் கார்ட்டூன் ஆகிவிடும். ஒரு காட்சியில் இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. க்ளிக்கும் எப்போதும் நல்லதில்லை. ஒரு பிரிவுக் காட்சியில் வயலின்கள் இழுத்து, தயங்கி வாசிக்க வேண்டியிருக்கும். க்ளிக் போட்டால் விறைத்துவிடும். அந்த இடங்களுக்கு ஆல்ஃபிரட் நியூமன் காலத்திலிருந்து ஒரு வழி உண்டு: திரையில் இடமிருந்து வலமாக ஒரு செங்குத்துக் கோடு நகரும், அது முடியும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். மூன்று அடி நீள ஃபிலிமில் சாய்வாகக் கீறினால் கோடு 2 நொடி ஓடும். இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் அதைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கையால் அனுசரித்து, புள்ளி மின்னும்போது அடியை இறக்குவார்.

வசனத்துக்கு அடியில் வரும் இசையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பெரும்பாலான படங்கள் சறுக்குவது இங்கேதான். ஆண் குரலின் அடித்தளம் சுமார் 100 முதல் 150 ஹெர்ட்ஸ். செல்லோவின் கீழ்த் தந்தி 65இல் தொடங்குகிறது, அதன் இனிமையான பகுதி நேராகக் குரலின் மேலேயே உட்காரும். சொல் தெளிவாகக் கேட்பதற்கான மெய்யெழுத்து ஒலிகள் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அதிகம். அங்கே ஷேக்கரும் பளிச்சென்ற பித்தளை வாத்தியங்களும் போட்டிக்கு வரும். ஆகவே அனுபவமுள்ளவர் கீழே பாஸை வைத்து, மேலே வயலின்களை மெலிதாக வைத்து, நடுவைக் குரலுக்குக் காலியாக விடுவார். மெட்டு நகரவேண்டுமானால் இரண்டு வசனத்துக்கு நடுவிலுள்ள இடைவெளியில் நகரும். நின்ற ஸ்வரத்தைவிட நகரும் ஸ்வரம்தான் குரலோடு மோதும், ஏனென்றால் காது அசைவைப் பின்தொடரும். இதைச் செய்யாமல் எழுதிக் கொடுத்தால் மிக்ஸிங்கில் வேறு வழியில்லை, மொத்தத்தையும் குறைப்பார்கள். நாற்பது பேர் வாசித்த இசை பக்கத்து அறை ரேடியோபோல ஆகிவிடும்.

குரலுக்கு வழிவிடுவதன் மறுபக்கத்தை 'பதேர் பாஞ்சாலி'யில் பார். 1955இல் சத்யஜித் ராய் எடுத்தது, இசை ரவிசங்கர். ஊரிலிருந்து திரும்பிய ஹரிஹர் மகளுக்கென வாங்கி வந்த புடவையை எடுத்துக் காட்டுகிறார். மகள் இறந்துவிட்டதை அவர் இன்னும் அறியவில்லை. மனைவி சர்பஜயா அந்தப் புடவையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுகிறார். வாய் அழுகிறது, அழுகைச் சத்தம் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற வில் வாத்தியம் உச்சத்தில் எழுகிறது. இங்கே இசை குரலுக்கு அடியில் இல்லை, குரலின் இடத்திலேயே இருக்கிறது. அழுகையும் கூடவே ஒலித்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்திருக்கும். உன் தாளில் இந்த ஒரு காட்சிக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கு. முதல் ஸ்வரம் அவர் முகத்தின் எந்த அசைவில் வருகிறது என்று பார்த்து எழுது.

வாத்தியத் தேர்வுக்கு ஒரே உதாரணம் தருகிறேன். 1960இல் 'சைக்கோ'வுக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து எழுதினார். குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். ஹெர்மன் எழுதிக் காட்டியதும் மாற்றிக்கொண்டார். அந்த அலறல் எல்லோருக்கும் தெரியும். தெரியாத நுணுக்கம், மற்ற காட்சிகளில் வாத்தியங்களில் தந்தியைத் தாங்கும் குதிரையில் மியூட் மாட்டி, ஒலியை அடக்கி வாசிக்க வைத்தார் என்பது. குளியலறையில் மட்டும் மியூட் இல்லை. அதே வாத்தியம், அதே ஆட்கள், ஒரு சின்னக் கட்டையைக் கழற்றினால் கத்தி உறையிலிருந்து வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் அரை மணி நேரத்துக்கும் மேலாக அடக்கியே வைத்திருந்ததால்தான் அது அப்படிக் கேட்கிறது.

நம்மவர்களில் இளையராஜாவைப் பற்றி நீ கேட்டிருந்தாய். ரீலைப் பார்த்துவிட்டு எல்லா வாத்தியத்துக்கும் உரிய நோட்ஸை நேராகத் தாளில் எழுதிக் கொடுப்பவர் என்பது தெரிந்த விஷயம். அந்த வேகத்தைவிட, எழுதும்போதே எங்கே எழுதக்கூடாது என்று விட்டுவைக்கும் இடங்களை நீ தாளில் குறித்துப் பார்க்கவேண்டும். பாட்டுகள் இவ்வளவு புகழ்பெற்றதால் பின்னணி இசை பின்னுக்குப் போய்விட்டது. 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் பாடல்களுக்கு ஒருவர், பின்னணிக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். 'பழசிராஜா'வுக்காகப் பின்னணி இசை விருது அவருக்கு வந்தது. இரண்டும் வேறு வேறு வேலை என்பதை விருது ஒப்புக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி.

கேட்டதும் "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே" என்று சில படங்களில் தோன்றுவதற்கும் காரணம் சொல்கிறேன். எடிட்டிங் நடக்கும்போது வேறு எங்கிருந்தோ எடுத்த இசையைத் தற்காலிகமாகப் போட்டுவைப்பார்கள். மாதக்கணக்கில் அதையே கேட்டுக் கேட்டு இயக்குநருக்கு அது பழகிவிடும். வெட்டுகளும் அதன் தாளத்துக்கே அமைந்துவிடும். பிறகு வரும் இசையமைப்பாளர் அதன் வேகத்தையும் வளைவையும் விட்டு விலக முடியாது. இதன் உச்சம் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. அலெக்ஸ் நார்த் எழுதிப் பதிவு செய்த இசையை ஸ்டான்லி குப்ரிக் ஒதுக்கிவிட்டு, தான் தேர்ந்தெடுத்த செவ்வியல் இசையையே 1968இல் படத்தோடு வெளியிட்டார். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக நார்த்துக்கு நடந்தது சரியாகிவிடாது. ஆகவே ஒரு இசை நகல்போலத் தெரிந்தால் உடனே இசையமைப்பாளரைத் திட்டாதே.

வசனத்தை ஒதுக்கி இசையை மட்டும் கேட்க இரண்டு வழி. 5.1 ஒலித்தடம் இருந்தால் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் இருக்கும். அந்த ஒயரைக் கழற்றிவிடு. ஒரு எச்சரிக்கை: கருவியின் அமைப்பில் நடு ஸ்பீக்கர் "இல்லை" என்று குறித்துவிடாதே. அப்படிச் செய்தால் அது வசனத்தை இடது வலதுக்குப் பங்கிட்டு அனுப்பிவிடும். ஒயரை மட்டும் எடு. ஸ்டீரியோ மட்டும்தான் இருக்கிறது என்றால், ஆடாசிட்டி மாதிரி ஒரு மென்பொருளில் ஒலியைத் திறந்து, இடது வலதைப் பிரித்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் மோனோவாகச் சேர். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் வசனம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பக்கங்களில் விரிந்திருக்கும் இசை மிஞ்சும். பாஸும் நடுவில் இருப்பதால் அதுவும் போய்விடும். எம்.பி.3 மாதிரி சுருக்கிய ஒலியில் வசனத்தின் மிச்சம் தண்ணீருக்குள் பேசுவதுபோலக் கேட்கும். வாத்தியங்களை அடையாளம் காண இது போதும், தரத்தை எடைபோட இதை வைத்துக்கொள்ளாதே.

தனித் தொகுப்பு மனசில் நிற்கவில்லை என்றாயே, அதில் உன் தப்பு எதுவும் இல்லை. தொகுப்புக்காகப் பல துண்டுகளை ஒட்டி நீட்டியிருப்பார்கள், வரிசை மாறியிருக்கும், 12 நொடித் துண்டுகள் விடுபட்டிருக்கும். அந்த 12 நொடியில்தான் சில சமயம் படத்தின் உயிரே இருக்கும்.

முதல் தாளை எழுதியதும் அப்படியே எனக்கு அனுப்பு, திருத்தி எழுதவேண்டாம். படத்தின் பெயரும் தொடங்கிய நிமிடமும் இருந்தால் போதும், அதே 11 நிமிடத்துக்கு நானும் ஒரு தாள் போட்டு வைக்கிறேன். நம் இருவருக்கும் நேரம் ஒத்துப்போகாத இடங்களை மட்டும் அடுத்த கடிதத்தில் பேசலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்